பெட்ரோல் அதிகம் குடிக்கும் காருக்குக் கூடுதல் வரி: ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன செய்வது?

#1 ஏழுசீட்டுக்காரர்

நண்பர்களே, இந்த ஆண்டுக்கான சாலை வரிச் சீட்டு நேற்று வந்தது. போன ஆண்டைவிட நன்றாகவே கூட்டியிருக்கிறார்கள். காரணம் ஒன்றுதான்: என் வண்டி கிலோமீட்டருக்கு 225 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடும் வகை. அந்த வகைக்கும் அதற்கு மேலே இருப்பவை எல்லாவற்றுக்கும் ஏற்றம்.

வண்டி பதினொரு வருடப் பழசு. ஏழு சீட், 2 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. நடு வரிசை சீட்டை மடித்தால் நாற்காலியைப் பிரிக்காமல் அப்படியே ஏற்றலாம். அதற்காகத்தான் இந்த வண்டியை வாங்கினேன். வாங்கியபோது இந்த வகைக்கு இருந்த வரியைக் கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்.

வருடத்துக்கு 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. ஆஸ்பத்திரி, உறவினர் வீடு, எப்போதாவது ஒரு நீண்ட பயணம். முதல் நாளிலிருந்து டாஷ்போர்டு அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். டேங்க் ஃபுல் பண்ணும் ஒவ்வொரு முறையும் தேதி, ஓடோமீட்டர், லிட்டர் மூன்றையும் எழுதுவேன். இந்த வருடச் சராசரி லிட்டருக்கு 8.8 கிலோமீட்டர்.

எண்ணெய் அதிகம் குடிக்கும் காருக்கு வரி கூடாது என்று நான் சொல்லவில்லை. புதிதாக வாங்கப் போகிறவருக்குக் கூட்டுங்கள், அவர் வேறு வண்டி பார்க்கலாம். நான் பதினொரு வருடத்துக்கு முன் எடுத்த முடிவை இன்றைக்கு எப்படி மாற்ற முடியும்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 மூன்றாம்கியர்

உங்கள் நிலைமை புரிகிறது. ஆனாலும் நான் வரியின் பக்கம்தான். லிட்டருக்கு 8 கொடுக்கும் வண்டியும் 20 கொடுக்கும் வண்டியும் ஒரே ரோட்டில் போகின்றன. முதல் வண்டியிலிருந்து வரும் புகையை நாம் எல்லோரும் சேர்ந்துதான் சுவாசிக்கிறோம். அதற்கு உரியவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கட்டுமே. பழைய வண்டிக்கு விலக்கு என்றால், எல்லோரும் பழசையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பத்து வருடத்துக்கு ஒன்றும் மாறாது.

#3 டிக்கிநிறைய

நேராகப் பெட்ரோலுக்கு வரி போட்டால் போதாதா? அதிகம் குடிக்கிற வண்டி அதிகம் வாங்கும், அதிகம் கட்டும். அதிகம் ஓட்டுகிறவரும் அப்படியே. வண்டியின் வகை, சான்றிதழ், கிராம் கணக்கு எதுவும் வேண்டாம். பம்பிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

#4 கணக்குநோட்டு

கொஞ்சம் எண்களோடு பேசுவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். டீசல் என்றால் 2.6 கிலோவுக்குச் சற்று மேல். எந்த என்ஜின் என்றாலும் இது மாறாது. லிட்டர் தெரிந்தால் போதும், புகை தெரிந்துவிடும்.

ஏழுசீட்டுக்காரர் வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 8.8. கிட்டத்தட்ட 680 லிட்டர். சுமார் 1.6 டன். இன்னொருவர் லிட்டருக்கு 18 கொடுக்கும் சின்ன காரில் வருடத்துக்கு 30,000 ஓட்டுகிறார். 1,667 லிட்டர். 3.8 டன். வண்டி வகையை வைத்துப் போடும் வருடாந்தர வரியில் முதல் ஆள் கூடுதலாகக் கட்டுகிறார். இரண்டாம் ஆள் குறைவாகக் கட்டுகிறார். இந்த விஷயத்தில் டிக்கிநிறைய சொல்வது முழுக்கச் சரி.

ஆனால் பெட்ரோல் வரி மட்டும் போதுமா என்றால் எனக்குச் சந்தேகம் உண்டு. ஷோரூமில் நிற்கும் ஒருவர் அடுத்த பத்து வருடப் பெட்ரோல் செலவை யோசித்து வண்டி எடுப்பதில்லை. மாதத் தவணை என்ன, எத்தனை சீட், என்ன நிறம், அதோடு முடிந்தது. வாங்குகிற அன்றே விலைச் சீட்டில் பெரிதாக ஒரு தொகை தெரிந்தால் அது உறைக்கும். பம்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது அந்த நேரத்தில் மனதில் ஏறாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நாம் பேசும் பழக்கமே நம்மை ஏமாற்றுகிறது. 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 20 கொடுக்கும் வண்டியை விட்டு 25 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் 600 லிட்டர் 480 ஆகும். மிச்சம் 120 லிட்டர். 8 கொடுப்பதை விட்டு 10 கொடுப்பதற்கு மாறினால் 1,500 லிட்டர் 1,200 ஆகும். மிச்சம் 300 லிட்டர். காதுக்கு ஐந்து பெரிதாகவும் இரண்டு சின்னதாகவும் கேட்கிறது, மிச்சமாகும் லிட்டரோ நேர்மாறு. ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் இந்தக் குழப்பம் வராது. ஆகவே வரி அழுத்த வேண்டிய இடம் அடிமட்டத்தில் இருக்கும் வண்டிகள்தான் என்பதில் மூன்றாம்கியரோடு ஒத்துப்போகிறேன். எப்போது அழுத்துவது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

#5 ஒர்க்‌ஷாப்அண்ணன்

வணக்கம். இருபது வருடத்துக்கு மேல் ஸ்பானர் பிடித்தவன். வரி பற்றிப் பேசும் அளவுக்குப் படித்ததில்லை, வண்டி பற்றிச் சொல்கிறேன்.

ஏழுசீட்டுக்காரர் தம்பி, சான்றிதழில் 225 கிராம் என்றால் லிட்டருக்குப் பத்துக்குக் கொஞ்சம் மேல் வரவேண்டும். சோதனைக்கூட எண் ரோட்டில் வராது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நீங்கள் ஊர் நெரிசலில் மட்டும் ஓட்டுகிறவராகத் தெரியவில்லை. 8.8 குறைவு. முன்பு எவ்வளவு வந்தது? நோட்டு இருக்கிறதே, பாருங்கள்.

ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே என்ஜின், இரண்டு வண்டி என்னிடம் வரும். ஒன்று 11 கொடுக்கும், இன்னொன்று 9. வித்தியாசம் டயர் காற்று, அடைத்துப்போன ஏர் ஃபில்டர், பழைய ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சார், பிடித்துக்கொண்டு விடாத பிரேக், அப்புறம் கால். கால் என்றால் ஓட்டுகிறவரின் கால். வரிச் சீட்டுக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டு வண்டிக்கும் ஒரே வரிதான்.

#6 ஏழுசீட்டுக்காரர்

அண்ணா, நோட்டைப் புரட்டினேன். முதல் மூன்று வருடம் 9.6 முதல் 9.9 வரை. அதன் பிறகு ஏறக்குறைய அதே. போன வருடம் மழைக்காலத்துக்குப் பிறகுதான் 9-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. டயர் அப்போதுதான் மாற்றினேன், அதனால்தான் குறைகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

#7 ஒர்க்‌ஷாப்அண்ணன்

புது டயரில் கொஞ்சம் குறையும், ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் குறையாது. ஒன்று செய்யுங்கள். இருபது கிலோமீட்டர் போல, அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாதீர்கள், கை வெந்துவிடும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடவில்லை என்று அர்த்தம். சமதளத்தில் நியூட்ரலில் விட்டுத் தள்ளியும் பார்க்கலாம், வண்டி தாராளமாக உருள வேண்டும்.

#8 பழைய_ரசீது

ஏழுசீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்விக்கே வருகிறேன். இது பிரிட்டனில் நடந்த கதை. அங்கே 2001 மார்ச் முதல் பதிவான கார்களுக்கு வருடாந்தர வரியைக் கார்பன் அளவை வைத்துப் போட்டார்கள். அதற்கு முந்தைய கார்களுக்கு என்ஜின் கொள்ளளவுதான் கணக்கு, 1,549 சிசிக்கு மேலே கீழே என்று இரண்டே பிரிவு. 2008 பட்ஜெட்டில் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் புதிய பிரிவுகளை அறிவித்தார். அதிகம் குடிக்கும் கார்களுக்குப் பெரிய ஏற்றம். அந்த ஏற்றம் புதுக் கார்களோடு நிற்கவில்லை, 2001-லிருந்து பதிவான கார்களையும் பிடித்தது.

கோபம் அங்கேதான் வெடித்தது. பல குடும்பங்கள் ஆறேழு வருடத்துக்கு முன் வாங்கிய சாதாரணக் குடும்பக் கார்கள் திடீரென்று மேல் பிரிவில் போய் நின்றன. ஆளும் கட்சி எம்.பி.க்களே எதிர்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அரசு இறங்கி வந்தது. முதல் ஆண்டு அதிகபட்ச ஏற்றம் 5 பவுண்ட், அடுத்த ஆண்டு 30 பவுண்ட் என்று கட்டுப்படுத்தினார்கள். 2010 ஏப்ரலில் முதலாண்டு வரி என்று தனியாக ஒன்று கொண்டுவந்தார்கள். புதுக் கார் வாங்கும்போது அந்த ஒரு ஆண்டுக்கு மட்டும், உச்சப் பிரிவுக்கு 950 பவுண்ட். என் பார்வையில் முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதைத்தான். தேர்வு செய்யும் இடத்தில் இருப்பவரிடம் கேட்பது அது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பழைய காரின் வருடாந்தர வரி ஏறினால் நஷ்டம் வரியோடு நிற்காது. அந்தக் காரின் மறுவிற்பனை விலையும் விழும். நாளைக்கு வாங்கப் போகிறவரும் அந்த வரியைக் கட்ட வேண்டுமே, அதைக் கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார். ஆகவே இன்றைய உரிமையாளர் விற்று வெளியேறவும் முடியாது, வைத்திருந்தாலும் கட்ட வேண்டும். மூன்றாம்கியர் சொல்வதுபோல் வண்டியை மாற்றச் சொல்கிறோம். மாற்றத் தேவையான பணத்தை அதே வரிதான் குறைக்கிறது.

#9 மூன்றாம்கியர்

மறுவிற்பனை விலை பற்றி நான் யோசிக்கவில்லை. அது நியாயமான வாதம். ஆனாலும் ஒரு கேள்வி. அந்தக் கார் விலை குறைந்து இன்னொருவரிடம் போனாலும் ரோட்டில்தானே ஓடும்?

#10 பழைய_ரசீது

அதேதான். விலை குறைந்ததும் யார் வாங்குவார்? கையில் காசு குறைவாக இருப்பவர். அவர் அந்தப் பெரிய வண்டியை வாங்கி, பெட்ரோலுக்கும் வரிக்கும் கட்டிக்கொண்டே இருப்பார். புகை குறையவில்லை, கட்டுகிற கை மட்டும் மாறுகிறது. முதல் உரிமையாளர் புதுக் காரில் போய்விடுவார்.

#11 இரவுப்பணி

வணக்கம், நான் வீட்டுக்கு வீடு போய் முதியவர்களைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். பஸ் கிடையாது, நேரமும் ஒத்துவராது. ஒரு நாளைக்கு 90 முதல் 120 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். என் கார் சின்னது, லிட்டருக்கு 17 கொடுக்கும்.

டிக்கிநிறைய சொன்னபடி எல்லாவற்றையும் பெட்ரோலில் போட்டால் எனக்குத்தான் முதல் அடி. கணக்குநோட்டு எழுதிய 3.8 டன் ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஊர் சுற்றுவதற்காக ஓட்டவில்லை. ஒரு பாட்டிக்குக் காலை ஏழு மணிக்கு இன்சுலின் நேரம், அடுத்த வீடு 14 கிலோமீட்டர் தள்ளி. பெட்ரோல் விலை ஏறினால் நான் அந்தப் பாட்டியிடம் போகாமல் இருக்க முடியுமா?

பிரான்சில் 2018 நவம்பர் 17 அன்று மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு ரவுண்டானாக்களை மறித்து நின்றார்களே, அவர்களில் பலர் என்னைப் போன்றவர்கள்தான். பெரிய நகரத்துக்கு வெளியே இருப்பவர்கள், வேலைக்குக் கார் தவிர வேறு வழி இல்லாதவர்கள். எரிபொருள் வரியைக் கூட்டப் போகிறோம் என்றதும் பொங்கிவிட்டார்கள். மூன்று வாரத்துக்குள் அடுத்த ஆண்டு ஏற்றத்தை அரசு கைவிட வேண்டியதாயிற்று. அவர்களைச் சுற்றுச்சூழல் எதிரிகள் என்று சிலர் பேசியது எனக்கு இன்றும் வலிக்கிறது.

#12 டிக்கிநிறைய

சகோதரி, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் முதல் பதிவு எவ்வளவு அவசரமாக எழுதியது என்று தெரிகிறது. வசூலான பணத்தை உங்களைப் போன்றவர்களுக்கே திருப்பிக் கொடுத்தால்? வேலை நிமித்தம் ஓட்டும் கிலோமீட்டருக்குக் கழிவு?

#13 இரவுப்பணி

கொடுத்தால் மகிழ்ச்சி. ஆனால் வரி பம்பில் அன்றைக்கே போய்விடுகிறது, கழிவு ஆண்டு முடிவில் விண்ணப்பம் போட்டால் வருகிறது. நடுவில் பதினொரு மாதம் நான் என் சம்பளத்தில் இருந்து சமாளிக்க வேண்டும். கணக்கு சரியாக வரும், என் மாதக் கடைசி சரியாக வராது.

#14 ஷோரூம்கண்ணாடி

நான் கார் விற்கிற பக்கத்தில் இருப்பவன். வரி விதிக்கிறவர்கள் ஒரு கோட்டைப் போடுவார்கள். மறுநாளே கம்பெனிகளும் வாங்குகிறவர்களும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எப்படிப் போவது என்று பார்ப்பார்கள். அது மனித இயல்பு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அமெரிக்காவில் 1978 எரிசக்தி வரிச் சட்டத்தில் அதிகம் குடிக்கும் கார்களுக்கென்று ஒரு வரி கொண்டுவந்தார்கள். எண்ணெய் நெருக்கடிக் காலம். இன்றும் இருக்கிறது. கேலனுக்கு 22.5 மைலுக்குக் கீழே, அதாவது லிட்டருக்கு ஒன்பதரைக்குக் கீழே போனால் 1,000 டாலரில் தொடங்கி 7,700 டாலர் வரை. ஷோரூமில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே அந்தத் தொகை தெரியும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது பயணிகள் கார்களுக்கு மட்டும். இலகு ரக லாரி வகைக்கு விலக்கு. அந்த நாளில் அந்த வகை பெரும்பாலும் வேலைக்கான வண்டி. பின்னாளில் எஸ்யூவியும் பிக்கப்பும் மினிவேனும் அந்த வகைக்குள் வந்தன, வீட்டு வண்டிகளாகவும் ஆகிவிட்டன. குடும்பத்தோடு கடைக்குப் போகும் பெரிய எஸ்யூவிக்கு வரி இல்லை, அதே அளவு குடிக்கும் செடானுக்கு உண்டு. ஓட்டை எங்கே இருந்ததோ அங்கேதான் சந்தையும் போனது.

அயர்லாந்தில் 2008 ஜூலையில் கார் வரியை என்ஜின் அளவிலிருந்து கார்பன் அளவுக்கு மாற்றினார்கள். டீசல் கார் கிலோமீட்டருக்கு விடும் கார்பன் குறைவு என்பதால் எல்லோரும் டீசலுக்குத் தாவினார்கள். புதுக் கார்களில் கால்பங்கு அளவில் இருந்த டீசல் சில ஆண்டுகளில் 70 சதவீதத்தைத் தாண்டியது. வரி சொன்னதைத்தான் மக்கள் செய்தார்கள். ஆனால் டீசல் புகையில் நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் இருக்கின்றன, அதை அந்த வரி எண்ணவே இல்லை. 2015 செப்டம்பரில் டீசல் சோதனை மோசடி வெளிவந்த பிறகு அதே டீசல் வாங்கியவர்களைப் பார்த்து எல்லோரும் முகம் சுளித்தார்கள். அரசு சொன்ன வழியில் போனவர்கள் அவர்கள். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ‘அன்றைக்கு இதைத்தானே வாங்கச் சொன்னீர்கள்’ என்று கேட்டுக்கொண்டு வந்த வாடிக்கையாளர்களை நானே பார்த்திருக்கிறேன்.

#15 நாலுமீட்டர்

ஷோரூம்கண்ணாடி சொன்ன கோட்டுக்கு நான் இன்னொரு உதாரணம் சொல்கிறேன். இந்தியாவில் 2006 பட்ஜெட்டிலிருந்து சின்ன கார் என்றால் நீளம் 4 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி வரை. அதற்குள் இருந்தால் வரி குறைவு. என்ன ஆயிற்று? செடானின் பின்பக்கத்தை வெட்டினார்கள். கதவு வரைக்கும் ஒரு வண்டி, அதற்குப் பின்னால் அவசரமாக முடித்ததுபோல் ஒரு டிக்கி. அந்த வெட்டுக்கும் மைலேஜுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 3,995 மில்லிமீட்டரில் நிற்கிற காரும் 4,100 மில்லிமீட்டர் காரும் ஒரே பெட்ரோலைக் குடிக்கலாம். வரியில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகும் அளவுகோல் அதேதான். பெரிய எஸ்யூவிக்கு 28 சதவீதமும் அதன் மேல் 22 சதவீத செஸ்ஸும். அதற்கு அளவு 1,500 சிசி, 4 மீட்டர் நீளம், தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் உயரம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எங்குமே கேட்கவில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வண்டி விஷயம். ஊர் நெரிசலில் நிறையப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் வண்டிக்கு 43 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன காருக்கு 18, பெரியதற்கு 40 என்று எளிதாக்கிவிட்டார்கள். செஸ் போய்விட்டது, சரி. ஆனால் கோடு இன்னும் நீளத்திலும் சிசியிலும்தான் இருக்கிறது.

எண்ணெய் குடிப்பதற்கு வரி போட வேண்டுமென்றால் எண்ணெயை அளக்க வேண்டும். டேப்பை வைத்து அளந்தால் எப்படி?

#16 கணக்குநோட்டு

நாலுமீட்டர் சொன்னது முக்கியம். ஆனால் எண்ணெயை அளப்பதும் அவ்வளவு எளிதல்ல. ஐரோப்பாவில் பழைய சோதனை முறையில் வந்த எண்ணுக்கும் ரோட்டில் வந்த எண்ணுக்கும் இடையே 2015 வாக்கில் சுமார் 40 சதவீத இடைவெளி இருந்தது. கார்பன் வரி ஏற ஏற இடைவெளியும் கூடியது. காரணம் எளிது: சோதனைக்கூட எண்ணில் ஒரு கிராம் குறைந்தால் பணம், ரோட்டில் குறைந்தால் கம்பெனிக்கு ஒன்றும் இல்லை. 2017 செப்டம்பரில் டபிள்யூஎல்டிபி என்ற புதிய முறை வந்த பிறகு கொஞ்சம் நெருங்கியிருக்கிறது.

#17 தெற்குக்காற்று

நியூசிலாந்து பற்றி யாரும் சொல்லவில்லையே. 2021 ஜூலையில் குறைந்த புகை வண்டிக்குத் தள்ளுபடி, 2022 ஏப்ரலில் அதிகப் புகை வண்டிக்குக் கட்டணம் என்று ஒரு திட்டம். இங்கே வசூலித்து அங்கே கொடுப்பது. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மட்டும்தான். ஏழுசீட்டுக்காரர் கேட்கும் நியாயம் அதில் இருந்தது, பழைய வண்டியைத் தொடவில்லை. ஆனாலும் விவசாயிகள் டிராக்டரும் பிக்கப்பும் எடுத்துக்கொண்டு நகரங்களுக்குள் வந்தார்கள். அங்கே பிக்கப்பை ‘யூட்’ என்பார்கள், இதற்கு யூட் வரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆடு, மாடு, வேலிக்கம்பி ஏற்றிக்கொண்டு சேற்றில் போக அவர்களுக்கு அன்றைக்கு வேறு வண்டி இல்லை என்பதுதான் வாதம். அது பொய்யான வாதமும் அல்ல. 2023 முடிவில் ஆட்சி மாறியதும் திட்டத்தையே எடுத்துவிட்டார்கள். கடைசி மாதம் மின்சாரக் கார் வாங்க ஒரே கூட்டம், அடுத்த மாதம் ஷோரூம் வெறிச்சோடியது.

மாற்று வண்டி சந்தையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரியைப் போட வேண்டும். எனக்கு இதுதான் பட்டது.

#18 மூன்றாம்கியர்

நார்வேயில் நடந்ததே. அங்கே புதுக் கார் பதிவு வரி எடை, கார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் வைத்து. மின்சாரக் காருக்குப் பல வருடம் அந்த வரியே இல்லை. 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரம். வரியால் மாற்றம் வராது என்று சொல்லிவிட முடியாது.

#19 பழைய_ரசீது

வராது என்று யாரும் சொல்லவில்லை நண்பரே. நார்வே செய்தது புதுக் காரின் வாசலில். அதுவும் பல வருடம் முன்பே சொல்லிவிட்டு. நான் சொல்வதற்கு நீங்களே சாட்சி தேடித் தந்திருக்கிறீர்கள்.

#20 மூன்றாம்கியர்

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். என் முதல் பதிவில் ‘பழசையே பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்’ என்று எழுதினேன். ஏழுசீட்டுக்காரர் வண்டி வருடத்துக்கு 1.6 டன். அதை உடைத்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்தால் இரும்பு, அலுமினியம், கண்ணாடி எல்லாம் சேர்ந்து பல டன் புகை அதிலேயே போய்விடும். 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அதை ஈடுகட்ட வருடக்கணக்கில் ஆகும். இந்தக் கணக்கை நான் முதலில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் வருடத்துக்கு 25,000 ஓட்டுகிற, லிட்டருக்கு 7 கொடுக்கிற வண்டிக்கு என் கருத்து மாறவில்லை. அது எவ்வளவு சீக்கிரம் ரோட்டை விட்டுப் போகிறதோ அவ்வளவு நல்லது.

#21 டிக்கிநிறைய

பிரான்சில் புதுக் காருக்கான அபராத வரி 2024-ல் 60,000 யூரோ வரை போனது. அதில் மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள குடும்பத்துக்குக் கழிவு உண்டு, ஒரு பிள்ளைக்கு 20 கிராம் என்று. சக்கர நாற்காலி போன்ற தேவைக்கும் விலக்கு இருக்கிறது. உங்கள் இடத்தில் அப்படி ஏதும் இல்லையா ஏழுசீட்டுக்காரர்?

#22 ஏழுசீட்டுக்காரர்

இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் வண்டி என் பெயரில், தேவை அம்மாவுக்கு. அதற்குத் தனிப் படிவம், டாக்டர் சான்று, அம்மாவின் கையெழுத்து. அம்மாவுக்குக் கை நடுங்கும், போன வாரம் மூன்று முறை முயன்று போட்டார். அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை ஏறிய தொகையைத்தான் கட்ட வேண்டும்.

ஒர்க்‌ஷாப் அண்ணா, நீங்கள் சொன்னபடி ஞாயிறு காலை ஓட்டிப் பார்த்தேன். பின்பக்க இடது சக்கரம் அடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோன மாதிரி இருந்தது. மற்ற மூன்றும் வெதுவெதுப்பு. நாளை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறேன்.

#23 ஒர்க்‌ஷாப்அண்ணன்

பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் நகரும் கம்பி (பின்) துருப்பிடித்து இறுகியிருக்கும். மழைக்காலத்துக்குப் பிறகு என்றீர்களே, அப்போதே நினைத்தேன். பின்னைக் கழற்றி உப்புத்தாள் போட்டு, பிரேக்குக்கென்றே வரும் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பேட் ஒருபக்கம் தேய்ந்திருக்கும், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளும் பார்க்கச் சொல்லுங்கள்.

#24 நாலுமீட்டர்

இடையில் ஒரு வார்த்தை. பாரிஸில் 2024 பிப்ரவரியில் கனமான கார்களுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மும்மடங்காக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். 54 சதவீதத்துக்கு மேல் ஆம் என்றார்கள், ஓட்டுப் போட வந்தவர்களே ஆறு சதவீதம் இல்லை. மின்சாரக் காரும் 2 டன்னைத் தாண்டினால் கட்ட வேண்டும். எடையைக் கணக்கில் எடுப்பது எனக்கு நீளத்தை எடுப்பதைவிட ஏற்புடையது. எடை கூடினால் எண்ணெய் கூடும், டயர் தேயும், மோதினால் எதிராளிக்கு அடி பலம்.

#25 இரவுப்பணி

இந்த இழையில் நான் படித்ததில் ஒன்று மட்டும் சொல்ல ஆசை. என் அடுத்த கார் வாங்கும்போது வரி ஏற்றம் இருந்தால் அதைப் பார்த்துத்தான் வாங்குவேன், குறை சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது முன்கூட்டியே சொல்வது. ஐந்து வருடத்துக்கு இதுதான் என்று ஒரு அட்டவணை கொடுங்கள். நான் கடன் வாங்கிக் கார் எடுக்கிறேன், ஐந்து வருடத் தவணை. தவணை முடியும் முன் விதியை மாற்றினால் எனக்கு நகர இடமில்லை.

#26 பழைய_ரசீது

நீங்கள் எழுதியதைத்தான் நான் எந்த அரசுக்கும் காட்டுவேன். தவணை ஐந்து வருடம் என்றால் விதியும் ஐந்து வருடம்.

#27 ஏழுசீட்டுக்காரர்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்கு இடையில் உடம்பு சரியில்லை, இப்போது தேவலை.

அண்ணன் சொன்னதுதான். இடது பின்சக்கரக் காலிப்பர் பின் இரண்டில் ஒன்று அசையவே இல்லை. பேட் உள்பக்கம் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கம் பாதி இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து மெக்கானிக் காட்டினார். அதோடு ஏர் ஃபில்டரும் மாற்றினேன். நான்கு டயரிலும் காற்றைக் கதவோர ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் அளவுக்கு வைத்தேன், இரண்டில் ஆறேழு பிஎஸ்ஐ குறைந்திருந்தது.

அதன் பிறகு இரண்டு டேங்க் ஃபுல் ஓட்டிவிட்டேன். நோட்டில் 9.6, 9.8. சராசரி 9.7. கணக்குநோட்டு சொன்ன முறையில் போட்டுப் பார்த்தேன்: வருடத்துக்கு 63 லிட்டர் மிச்சம், 145 கிலோ கார்பன் குறைவு. எந்த வரியும் சொல்லி நான் இதைச் செய்யவில்லை, நீங்கள் சொல்லிச் செய்தேன்.

விலக்குப் படிவத்துக்குப் பதில் வந்தது. அம்மாவின் கையெழுத்து அவருடைய அடையாள அட்டையில் இருப்பதோடு பொருந்தவில்லையாம், மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

#28 ஒர்க்‌ஷாப்அண்ணன்

9.7 நல்ல எண். வலது பக்கப் பின்னையும் கழற்றிப் பார்த்தார்களா? ஒரு பக்கம் இறுகினால் மறுபக்கமும் வரிசையில் நிற்கும்.

#29 ஏழுசீட்டுக்காரர்

பார்த்தார்கள் அண்ணா. லேசாகத் துரு இருந்தது, அதையும் சுத்தம் செய்துவிட்டார்கள். அம்மாவின் கைரேகையை ஏற்பார்களா என்று நாளைக்குப் போய்க் கேட்கப் போகிறேன்.